இரண்டு சட்டை உள்ளவர்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலத்தை ஒரு கத்தோலிக்கப் பள்ளி மனதாரக் கடைப்பிடிக்கிறது என்றால், குடில் கட்டுவதற்கு முன்னால் அது திறந்து பார்க்க வேண்டியவை இரண்டு: அலுவலக அறையிலுள்ள கட்டண ரசீதுப் புத்தகம், தலைமையாசிரியர் மேசையிலுள்ள சேர்க்கைப் பதிவேடு. கடவுள் நம்பிக்கை இல்லாத நான் இதைச் சொல்வது சிலரை வருத்தலாம். ஆனால் இந்தக் கோரிக்கை என் சொந்தச் சரக்கில்லை. அவர்களுடைய விவிலியத்தில், இந்தக் காலத்தில் வாசிப்பதற்கென்றே திருச்சபை எடுத்துவைத்திருக்கும் பகுதியில் அது இருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவான் பேசிக்கொண்டிருக்கிறார். வர வேண்டியவர் வரப்போகிறார், கணக்குத் தீர்க்கும் நாள் நெருங்கிவிட்டது என்கிறார். கூட்டம் கலங்கிப்போய், அப்படியானால் தாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறது. யோவான் மூன்று தரப்புக்கு மூன்று பதில் சொல்கிறார். பொதுமக்களிடம், இரண்டு உடை வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைத் தரட்டும், உணவும் அப்படியே என்கிறார். வரி வசூலிப்பவர்களிடம், விதித்ததற்கு மேல் வாங்கக் கூடாது என்கிறார். படைவீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல், பொய்க் குற்றம் சாட்டாமல், கிடைக்கும் சம்பளத்தோடு நிற்கச் சொல்கிறார்.

இந்த மூன்று பதிலிலும் எது இல்லை என்று பாருங்கள். செபம் இல்லை. நோன்பு இல்லை. பலி, காணிக்கை, பாட்டு, விழா எதுவும் இல்லை. கடவுளின் வருகையை அறிவிக்க வந்த மனிதரிடம் எப்படித் தயாராவது என்று கேட்டால், அவர் துணியைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் மட்டுமே பேசுகிறார். மத நூல்களில் இவ்வளவு வெளிப்படையான பகுத்தறிவுப் பதிலை நான் அதிகம் கண்டதில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழல்வதால், லூக்கா ஆண்டு வரும்போதெல்லாம் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று உலகம் முழுதும் கத்தோலிக்கக் கோவில்களில் இது வாசிக்கப்படுகிறது. அண்மையில் அப்படி வந்த நாள் 2024 டிசம்பர் 15.

நம் பக்கத்துப் பள்ளிகளில் டிசம்பர் எப்படிப் போகிறது என்பது கடலூர், சிதம்பரம், அண்ணாமலை நகர்ப் பெற்றோருக்குத் தெரியும். அசெம்பிளியில் பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள்; மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். குடில் போட்டி, நட்சத்திரம் செய்யும் போட்டி, கேரல் பயிற்சி. சீட்டுக் குலுக்கி யார் யாருக்குப் பரிசு தருவது என்று எடுத்து, கடைசி நாள் வரை பெயரை மறைத்துவைக்கும் கிறிஸ்மாம், கிறிஸ்சைல்டு விளையாட்டு. நடுவே அரையாண்டுத் தேர்வு. இருபத்து மூன்றாம் தேதி வாக்கில் விடுமுறை விட்டாக வேண்டும் என்பதால் கிறிஸ்துமஸ் விழாவையே முன்னால் இழுத்துவைத்து மேடை, சிறப்பு விருந்தினர், கேக், கிறிஸ்துமஸ் தாத்தா என்று முடித்துவிடுகிறார்கள். கோவிலுக்குள்ளோ இந்த நான்கு வாரமும் அடக்கம்தான். குருவானவரின் உடை ஊதா, ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை, அலங்காரம் குறைவு. திருச்சபை தன் கோவிலில் அடக்கி வாசிக்கும் நாட்களைப் பள்ளி கொட்டி முழக்கிக் கழித்துவிடுகிறது.

விழாவோடு எனக்குப் பகை இல்லை. மார்கழித் திருவாதிரைக்குத் தேர் ஓடும் ஊரில் ஒரு முஸ்லிம் பெண் கேரல் பாடுவதும், மாலை கட்டுபவரின் மகன் மூங்கில் சீவி நட்சத்திரம் செய்வதும் வேறெங்கும் எளிதில் கிடைக்காத கூட்டு வாழ்க்கை. அந்தக் கூட்டு வாழ்க்கையை மதிப்பதால்தான் கேட்கிறேன்: அது மேடையோடு நின்றுவிடுவானேன்?

அந்த மெழுகுதிரி வளையம் பிறந்த கதையே இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது. அதைத் தொடங்கியவர் கத்தோலிக்கர் அல்லர். யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் 1833இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற, ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அந்தப் பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்ததால், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுதிரிகளை நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். ஞாயிற்றுக் கிழமைக்குப் பெரிய வெள்ளைத் திரி, மற்ற நாளுக்குச் சிறிய சிவப்புத் திரி. கத்தோலிக்கர் இதை எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில். விக்கெர்ன் முதலில் செய்தது பிள்ளைகளைத் தெருவிலிருந்து எடுத்துக் கூரையின் கீழ் சேர்த்தது. மெழுகுதிரி வந்தது ஆறு ஆண்டு கழித்து. நாம் இறக்குமதி செய்துகொண்டது அந்த இரண்டாவதை மட்டும்.

காத்திருப்பு நல்ல குணம் என்று இந்த நான்கு வாரமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். யார் காத்திருப்பது, யாருக்காக, எதுவரை என்று கேட்காமல் அதைச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. சிதம்பரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புரியும். தில்லைக்குப் போக ஏங்கி ஏங்கி நாளைத் தள்ளிய நந்தனார், பெரியபுராணத்தில் தீக்குள் இறங்கிய பிறகுதான் கோவிலுக்குள் போக முடிகிறது. அந்தக் காத்திருப்பைப் பக்தி என்று பாடிப் பரவசப்பட்டவர்கள் உண்டு. அதே ஊரில் சுவாமி சகஜானந்தர் பரவசப்பட்டு நிற்கவில்லை. 1916இல் நந்தனார் பெயரிலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கினார். வாசலில் நிறுத்தப்பட்டவனைப் பார்த்துப் பொறுமையாக இரு என்று உபதேசிப்பவரைவிட, கதவைத் திறப்பவரே எனக்குப் பெரியவர்.

இதையெல்லாம் கேட்க நம்பிக்கை இல்லாதவனுக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்கலாம். உரிமை உண்டு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்போரில் 74 சதவீதம் சிறுபான்மையல்லாத சமூகங்களின் பிள்ளைகள். அந்த வளையத்தைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர்கள். அவர்களையும் நிற்கவைத்துத் திரியை ஏற்றுகிறீர்கள் என்றால், அது எதற்கு என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள். தவிரவும், பெரியார் இறந்தது 1973 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுதும் சொன்னவருக்கு மிஷன் மருத்துவமனை கட்டில் கொடுத்தது. அவரும் தயங்காமல் படுத்தார். நோயாளிக்கு என்ன தேவை என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. அந்தத் தளத்தில் நின்றுதான் பேசுகிறேன்.

யோவானின் முதல் பதிலுக்கு வருகிறேன். 2024இல் திருவருகைக் காலம் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அதற்கு முந்தின இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. கோவில்களில் எதிர்நோக்கின் திரியை ஏற்றிய மறுநாள், டிசம்பர் 2 அதிகாலையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை மீறிக் கடலூரின் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. சீருடை, பாடப்புத்தகம், சாதிச் சான்று, ரேஷன் அட்டை எல்லாம் சேற்றில். இந்த மாவட்டத்துக்கு இது புதிதில்லை. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி. 2011இல் டிசம்பர் 30 அன்று தானே புயல். 2015இல் நவம்பர், டிசம்பர் முழுதும் வெள்ளம். கடலூர்க் கரையில் திருவருகைக் காலம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வருகிறது. ஊரில் பாதிப் பேர் உடுத்திய துணியோடு ஏதோ ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஒதுங்கியிருக்கும் காலத்தில்தான், இரண்டு உடை வைத்திருப்பவர் ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற வாசகமும் கோவிலில் ஒலிக்கிறது.

பள்ளிகள் உதவவில்லை என்று நான் சொல்லவில்லை. அரிசி, போர்வை, துணி திரட்டிக் கொடுத்தவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆனால் யோவான் கேட்பது பழைய துணி மூட்டை அன்று. வீட்டில் மிஞ்சியதைக் கொடுப்பது தானம். இருப்பதில் பாதியைக் கொடுப்பதைத்தான் அவர் சொல்கிறார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆளுக்கொன்று என்று ஆகிவிட வேண்டும். ஒரு பள்ளி இதைச் செய்வது எப்படி? வகுப்பில் எல்லோரும் ஒரே விலைக்குள் பரிசு வாங்க வேண்டும் என்று விதி வைப்பதில் தொடங்கலாம். கிறிஸ்மாம் விளையாட்டில் ஒருத்திக்கு விலை உயர்ந்த கைக்கடிகாரமும் இன்னொருத்திக்கு இரண்டு பேனாவும் கிடைக்கும்போது, இரண்டு பேனா வாங்கிவந்த பிள்ளையின் முகத்தை ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் கற்றுக்கொண்டது அன்பின் திரி சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறானது. வீட்டில் கேட்டு நச்சரிக்காமல் பள்ளியிலேயே கையால் செய்த பொருளைத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டால் ஒரு பைசா செலவில்லை.

உணவும் அப்படியே என்கிறார் யோவான். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்கப் பாலஸ்தீனம் வரை போக வேண்டாம். சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம் கேட்காமல் பசியை மட்டும் கேட்டுச் சோறு போடும் அந்த அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. அடுத்த ஆண்டு, 1868இல், கடலூரில் புனித வளனார் பள்ளி தொடங்கியது. சோற்றுக்கும் படிப்புக்கும் ஓராண்டு இடைவெளியில் இதே மண்ணில் கதவு திறந்தது. குடிலுக்கு வைக்கோல் வாங்கப் போகும் பிள்ளைகளை ஒரு நாள் வடலூருக்கு அழைத்துப் போய்ப் பரிமாறவிட்டால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடாது.

வரி வசூலிப்பவர்களுக்குச் சொன்ன இரண்டாம் பதிலில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். விதித்ததற்கு மேல் வாங்காதே. தமிழ்நாட்டில் 2009இல் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கும்; அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஆற்றங்கரையில் சொன்ன வாக்கியத்தைச் சட்டமன்றம் அப்படியே எழுதிவைத்தது போலிருக்கிறது. ஆனாலும் பெற்றோர் கையில் இருக்கும் ரசீது ஒன்று, கட்டிய தொகை வேறு என்ற நிலை தனியார் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. கட்டட நிதி, ஸ்மார்ட் கிளாஸ், விழாக் கட்டணம், டொனேஷன் என்று பெயர் மாறும். எல்லா மதத்தார் நடத்தும் பள்ளிகளிலும், எந்த மதமும் சொல்லாத பள்ளிகளிலும் இது நடக்கிறது. அவர்கள் யாரும் லூக்காவின் மூன்றாம் அதிகாரத்தைப் பீடத்தில் நின்று வாசிப்பதில்லை. கத்தோலிக்கப் பள்ளி வாசிக்கிறது. அதனால் அதனிடம் நான் கேட்பதும் அதிகமாகத்தான் இருக்கும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகள் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவது தவறு. அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகள் ஏராளம். மீனவக் குப்பத்திலிருந்தும் சேரியிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு முதல் எழுத்து சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அவை; இன்றும் பல கன்னியர் அந்த வேலையை விளம்பரமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் கைகட்டி நிற்பேன். என் கேள்வி அதே சபைகள் நடத்தும் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளைப் பற்றியது. ஒரே வளாகத்தில் ஒரு கட்டடத்தில் உதவிபெறும் பள்ளி, எதிர்க் கட்டடத்தில் கட்டணப் பள்ளி என்று இருக்குமிடங்களில் இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி ஆண்டு விழா, தனித்தனிச் சீருடை. குடிலைக்கூடத் தனித்தனியாகக் கட்டினால், மாட்டுக்கொட்டிலில் பிறந்த குழந்தையை எந்தக் கட்டடத்தில் சேர்ப்பார்கள் என்று பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும்.

சேர்க்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரமதி அறக்கட்டளை வழக்கில், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் தன்னாட்சி காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரும்பான்மைவாதம் தலைதூக்கிய நாட்டில் அது உயிர்நாடி. ஆனால் தன்னாட்சி எதற்காக? ஏழையைச் சேர்க்காமல் இருக்கும் சுதந்திரத்துக்காகவா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட ஏட்டில், பொருளில் வறியவர்கள், குடும்பத் துணையற்றவர்கள், விசுவாசத்துக்கு வெளியே இருப்பவர்கள் ஆகியோர்மேல் தனி அக்கறை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சட்டம் விலக்களித்தது. அவர்களுடைய சொந்தச் சங்கம் விலக்களிக்கவில்லை. யோவானும் விலக்களிக்கவில்லை. அரசு கட்டாயப்படுத்தாத ஒன்றைத் தானாகச் செய்வதற்குப் பெயர்தான் அறம் என்றால், இந்த 25 சதவீதத்தைக் கட்டாயம் இல்லாமலே கொடுக்கும் வாய்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

முன்னே சொன்ன ஆணைய அறிக்கையில் இன்னோர் எண்ணும் உண்டு. சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்போரில் சமூக, பொருளாதார நிலையில் நலிந்தவர்கள் 8.76 சதவீதம் மட்டுமே என்கிறது அது. அறிக்கை எழுதியவர்களின் நோக்கத்தைப் பலர் சந்தேகித்தார்கள். சந்தேகிக்கலாம். ஆனால் அந்த எண் பொய் என்று நிறுவ வழக்கறிஞர் வேண்டாம். ஒவ்வொரு பள்ளியும் தன் பதிவேட்டைத் திறந்து, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், சேர்ந்தவர்களில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். குடில் பக்கத்திலேயே ஒட்டலாம்.

மூன்றாம் பதில் படைவீரர்களுக்கானது. அதில் ஒரு துண்டை மட்டும் பிய்த்து எடுத்துப் பயன்படுத்தும் நிர்வாகங்கள் உண்டு: கிடைக்கும் சம்பளத்தில் நிறைவாக இரு. இதைச் சுயநிதிப் பிரிவில் வேலை செய்யும் ஆசிரியையிடமும், ஆயாவிடமும், கழிப்பறை கழுவும் பெண்ணிடமும் சொல்வார்கள். ஊழியம் என்றும் அர்ப்பணிப்பு என்றும் பெயர் வைப்பார்கள். யோவான் அதைச் சொன்னது ஆயுதம் ஏந்தியவனிடம். சம்பளம் போதாது என்று ஏழையை மிரட்டிப் பறிக்காதே என்று கத்தி வைத்திருப்பவனைப் பார்த்துச் சொன்னதை, கையில் சாக்பீஸ் மட்டுமே உள்ளவளைப் பார்த்துச் சொல்வது அந்த வாசகத்தைத் தலைகீழாகத் திருப்புவது. பக்கத்து வகுப்பறையில் அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தை, அதே கல்வித் தகுதியோடு, சொற்ப ஊதியத்துக்கு நடத்துகிறவருக்கு எதிர்நோக்கின் திரியை எந்தக் கையால் ஏற்றச் சொல்கிறோம்?

கூலி கேட்பதைப் பொறாமை என்றும் பேராசை என்றும் பார்க்கப் பழகிய சமூகம் எதுவரை போகும் என்பதற்கு, கிறிஸ்துமஸ் இரவே சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு, பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். காவிரிப் படுகையின் இந்தக் கோடியிலிருந்து அது எட்டாத தூரமில்லை. பெத்லகேமில் ஏரோது கொன்ற குழந்தைகளுக்காகத் திருச்சபை டிசம்பர் 28 அன்று மாசில்லாக் குழந்தைகள் விழா கொண்டாடுகிறது. அந்த ஆண்டு அந்த விழாவுக்கு மூன்று நாள் முன்னால் நம் மண்ணில் எரிந்த குழந்தைகளை ஒரு பள்ளியாவது டிசம்பர் அசெம்பிளியில் நினைக்க வேண்டாமா?

பொய்க் குற்றம் சாட்டாதே என்பதும் அதே பதிலில் இருக்கிறது. 1993இல் விருத்தாசலம் பக்கத்து முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு திருட்டுப் பழி சுமத்தப்பட்டுக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். அவர் மனைவிக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. ‘ஜெய் பீம்’ படம் பார்த்து அழுத நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தங்கள் மாவட்டத்துக் கதை என்று தெரியும்? இன்னொருவர் திருச்சபையின் சொந்தக் குரு. திருச்சி மண்ணில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளின் நிலத்துக்காக நின்ற இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபரில் கைதாகும்போது வயது 83. நடுக்குவாதத்தால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சிக் குடிக்கும் குவளை கேட்டு நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். பதில் சொல்லவே விசாரணை அமைப்பு இருபது நாள் கேட்டது. அந்த நவம்பரில் அவர் சிறையில் ஒரு குவளைக்காகக் காத்திருந்தார். மாதக் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்கியபோதும் சிறையில்தான் இருந்தார். 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். காத்திருத்தலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட உண்மையான கதை எந்தக் குருவிடம் இருக்கிறது?

பள்ளிக்குள்ளும் படைவீரர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம், ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைக்கும் அதிகாரம், டி.சி. தர மறுக்கும் அதிகாரம், எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லிப் பாக்கி எவ்வளவு என்று வாசிக்கும் அதிகாரம். இவற்றைக் கைவிட நான்கு வாரம் தேவையில்லை; ஒரு சுற்றறிக்கை போதும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. யோவானின் அந்தப் பதில்களுக்கு முந்தின ஞாயிற்றில் வாசிப்பது எசாயாவின் கனவு: பள்ளங்கள் நிரம்பி, மலைகள் தாழ்ந்து, வழி சமமாகும் நாள். 1745இல் புதுச்சேரிக் கோவிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவர் அவர்களுடைய எதிர்ப்பால் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இருநூற்று அறுபது ஆண்டு கழித்தும், இதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரில், சம மரியாதை இல்லாததால் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் மோதல் வெடித்தது. 2008 மார்ச் 9 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே சாதிச் சுவர். 2016 டிசம்பரில், ஒரு திருவருகைக் காலத்தில், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டுத் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் வகுப்பில் நன்னெறிப் பாடம் படிக்கும் பிள்ளை, ஞாயிறன்று பங்கில் யார் எந்தத் தெரு வழியாகச் சப்பரம் கொண்டுபோகலாம் என்பதையும் பார்க்கிறது. இரண்டில் எது மனதில் தங்கும் என்று ஆசிரியருக்குத் தெரியும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று அந்த ஒரு பாடவேளையில் மட்டும் வகுப்பைப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். கட்டாயமாக யாருக்கும் மதம் போதிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது, சரியானதுதான். ஆனால் யோவானிடம் மக்கள் கேட்ட கேள்விக்கு எந்த மதமும் தேவையில்லை. திருவருகைக் கால நான்கு வாரமும் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். லூக்காவின் அந்தப் பக்கத்தையும் வள்ளலாரின் தருமச்சாலையையும் கட்டண ஒழுங்குச் சட்டத்தையும் மேசைமேல் வையுங்கள். நம் பள்ளியில் இரண்டு சட்டை யாரிடம் இருக்கிறது, விதித்ததற்கு மேல் யார் வாங்குகிறார்கள், யாரிடம் யார் அதட்டிப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். யோவானின் கூட்டத்துக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

கட்டணம் வாங்காமல் பள்ளி எப்படி நடக்கும் என்பார்கள். வாங்குங்கள், கணக்கைக் காட்டுங்கள். வசதியுள்ளவர் கட்டுவதில் எத்தனை இல்லாத பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். மடங்களையும் அறக்கட்டளைகளையும் ஜமாத்துகளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் அவரவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதே நியாயம். கிறிஸ்தவப் பள்ளி என்றாலே மதமாற்றக் கூடம் என்று கூச்சலிடும் கூட்டம் இந்தக் கேள்விகளைத் திருடிக்கொள்ளும் என்ற அச்சமும் எனக்குப் புரிகிறது. அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் வேண்டுவது இந்தப் பள்ளிகளின் கதவு மூடுவது. நான் வேண்டுவது அது இன்னும் அகலத் திறப்பது. ஏழைப் பிள்ளைகளின் பெற்றோர் ஆயிரக்கணக்கில் தன் பக்கம் நிற்கும் பள்ளியை எந்தக் கூச்சலும் அசைக்காது.

எல்.கே.ஜி. விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போவதும் இதே மாதங்களில்தான். பெற்றோரின் பட்டப்படிப்பு என்ன, மாத வருமானம் எவ்வளவு, சொந்த வாகனம் உண்டா என்று கேட்கும் கட்டங்கள் எந்தப் படிவத்தில் இருந்தாலும் அவற்றை இந்த டிசம்பரிலேயே எடுத்துவிடலாம். பெற்றோரை நேர்காணலுக்கு உட்காரவைத்து ஆங்கிலம் வருகிறதா என்று பார்க்கும் வழக்கத்தையும் அதோடு நிறுத்திவிடலாம். இதற்கு அரசாணை தேவையில்லை, ஆயரின் சுற்றுமடலும் தேவையில்லை. தாளாளர் ஒரு பேனாவை எடுத்து அடித்தால் போதும்.